தேவதை, தேனடை, எழுத்து

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிதையைப் பற்றியே பேசிப் பழகிய ஓர் அவையில் தொழில் நிறுவனம் ஒன்றின் சின்னத்தைப் பேசுபொருளாகக் கொள்வது முதலில் வியப்பைத் தரலாம். ஆனால் சின்னம் என்பது மிகச் சிறிய இடத்தில் மிகுந்த பொருளை அடக்க முயலும் ஒரு வடிவம். அதை உருவாக்குபவர் ஒவ்வொரு கோட்டையும் எடைபோட்டு, வேண்டாதவற்றை நீக்கி, நீக்க முடியாததை மட்டும் நிறுத்துகிறார். நன்னூலார் அழகுகளுள் முதலாவதாகச் சுருங்கச் சொல்லலை வைத்தார். கவிஞர் சொல்லில் செய்வதைச் சின்னம் வரைபவர் கோட்டில் செய்கிறார். ஆகவே ஒரு சின்னம் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு மாறியது, எங்கே நிலைத்தது, நிலைத்தபின் அதற்கு என்ன நேர்ந்தது என்று காண்பது இந்த அவைக்கு அயலான செய்தி அன்று.

இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது ஜெர்மனி நாட்டு ஏ.இ.ஜி. நிறுவனத்தின் சின்னம். சலவை இயந்திரங்களிலும் மின் அடுப்புகளிலும் அம்மூன்று எழுத்துகளைக் கண்டவர்கள் பலர். அவற்றுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டின் கதை இருக்கிறது. அது கலை ஆலைக்குள் நுழைந்த கதை; எழுத்தின் வலிமையும் அதன் எல்லையும் ஒருசேர வெளிப்படும் கதை.

ஒளித்தேவதை

1881ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அனைத்துலக மின்சாரக் கண்காட்சி நடைபெற்றது. எடிசனின் மின்விளக்கு அங்கே ஒளிர்ந்தது. அதைக் கண்டு அதன் எதிர்காலத்தை உணர்ந்தவர்களுள் எமில் ராத்தெனாவ் என்னும் பெர்லின் பொறியாளரும் ஒருவர். எடிசனின் கண்டுபிடிப்புகளை ஜெர்மனியில் பயன்படுத்தும் உரிமையைப் பெற்று, 1883இல் பெர்லினில் அவர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் எடிசனின் பெயரைத் தாங்கியிருந்த அது, 1887இல் தனக்கென ஒரு பெயரைச் சூடிக்கொண்டது: அல்கெமைன எலெக்ட்ரிசிட்டேட்ஸ் கெசெல்ஷாஃப்ட். பொது மின்சாரக் கழகம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். அந்த நீண்ட பெயரின் முதலெழுத்துகளே ஏ.இ.ஜி. என்றாயின.

அந்நாளில் மின்சாரம் மக்களுக்குப் புதிது. அதைக் கண்ணால் காண இயலாது. கையால் தொட்டால் ஆபத்து. காணாத ஒன்றை எப்படிக் காட்டுவது? 1888இல் லூயி ஷ்மிட் என்னும் ஓவியர் வரைந்த விளம்பரப் படம் இக்கேள்விக்குப் பழைய உலகத்திலிருந்து விடை தேடியது. சிறகு முளைத்த சக்கரத்தின்மீது ஒளித்தேவதை வீற்றிருக்கிறாள். சுடர்விடும் மின்விளக்கைக் கையில் உயர்த்திப் பிடித்திருக்கிறாள். புத்தம் புதிய பொருளுக்குப் பழம் புராணத்தின் ஆடை உடுத்தப்பட்டது. புதிய அனுபவம் ஒன்று மொழிக்குள் வரும்போதும் முதலில் இப்படித்தான் வருகிறது. அதற்குரிய சொல் இன்னும் பிறந்திருப்பதில்லை. ஆகவே அது பழைய உவமைகளைக் கடன் வாங்கிக்கொள்கிறது.

1896இல் ஃபிரான்ஸ் ஷ்வெக்டன் என்னும் கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் மூன்று எழுத்துகளுக்கு ஒரு வடிவம் தந்தார். பெர்லினின் கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயத்தைக் கட்டியவர் அவர். புரூனன் தெருவில் ஏ.இ.ஜி. ஆலைக்கு அவர் எழுப்பிய செங்கல் நுழைவாயில், இடைக்காலக் கோட்டை வாயிலைப் போல இன்றும் நிற்கிறது. அவர் வரைந்த எழுத்துகளிலும் அதே அலங்கார மனமே ஆட்சி செய்தது. நான்கே ஆண்டுகளில், 1900ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியை ஒட்டி, ஓட்டோ எக்மன் அவ்வெழுத்துகளை மீண்டும் வரைந்தார். கொடிபோல் வளைந்து, தூரிகையின் ஓட்டத்தைக் காட்டி நிற்கும் அன்றைய புதுப்பாணி எழுத்துகள் அவை. கோட்டை போய்க் கொடி வந்தது. ஆயினும் இரண்டும் மேலே போர்த்திய அணிகளே. உள்ளே இருந்த ஆலையின் குரல் இன்னும் கேட்கவில்லை.

ஆலைக்குள் வந்த ஓவியர்

1907இல் ஏ.இ.ஜி. நிர்வாகம் பீட்டர் பேரன்ஸ் என்பவரைத் தன் கலை ஆலோசகராக அமர்த்தியது. 1868இல் ஹாம்பர்க் நகரில் பிறந்த பேரன்ஸ் ஓவியராகப் பயின்றவர். டார்ம்ஷ்டாட் நகரின் கலைஞர் குடியிருப்பில் தமக்கென ஒரு வீட்டை, நாற்காலி முதல் உணவுத்தட்டு வரை, தாமே வடிவமைத்துக் கட்டிக்கொண்டவர். பின்னர் டியூசல்டார்ஃப் நகரின் கலைத்தொழிற் பள்ளிக்குத் தலைவராக இருந்தவர். அவர் பொறியாளர் அல்லர். மின்பொறிகள் செய்யும் மாபெரும் நிறுவனம் ஒன்று தன் முகத்தை முழுமையாக ஓவியர் ஒருவரிடம் ஒப்படைத்தது அக்காலத்தில் புதுமை.

பேரன்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது சின்னம் மட்டும் அன்று. தெருவிளக்கு, மின்விசிறி, கடிகாரம், விலைப்பட்டியல், சுவரொட்டி, கண்காட்சி அரங்கு, ஆலைக் கட்டடம் ஆகிய யாவும் அவர் கைக்கு வந்தன. 1909இல் அவர் வடிவமைத்த மின்சாரக் கெண்டிகளை இங்கே நினைக்கலாம். சில அடிப்படை உருவங்கள், சில மூடிகள், சில பிடிகள், சில உலோகப் பூச்சுகள். இவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்துப் பற்பல வகைக் கெண்டிகள் செய்யப்பட்டன. சில அசைகளையும் சீர்களையும் கொண்டு எண்ணற்ற அடிகளை உண்டாக்கும் யாப்பு இந்த அவைக்குத் தெரிந்ததே. பெருந்தொகை உற்பத்திக்கு அப்படியோர் இலக்கணத்தைத் தேடியவர் பேரன்ஸ். அவருடைய பணியகத்தில் இளைஞர்களாகப் பணிபுரிந்தவர்களுள் வால்டர் குரோப்பியஸ், மீஸ் வான் டெர் ரோ, லெ கொர்பூசியே ஆகிய மூவரும் அடங்குவர். இருபதாம் நூற்றாண்டின் கட்டடக் கலையைத் தீர்மானித்தவர்களுள் மூவர் ஒரே பட்டறையில் பயின்றார்கள் என்பது சிறிய செய்தி அன்று.

எழுத்தைப் பற்றிய அவருடைய எண்ணம் கவிஞர்கள் தனியே கருதத்தக்கது. அன்றைய ஜெர்மனியில் இரண்டு எழுத்துமுறைகள் வழங்கின. ஒன்று, முறிந்த கோடுகளால் ஆன ஃபிராக்டூர் என்னும் கறுப்பெழுத்து. மற்றது உரோமன் எழுத்து. கறுப்பெழுத்தே தேசத்தின் ஆன்மா என்று ஒரு சாரார் வாதிட்டனர். உலகத்தோடு பேச உரோமன் எழுத்தே வேண்டும் என்று மறுசாரார் வாதிட்டனர். 1911இல் இவ்வழக்கு ஜெர்மன் நாடாளுமன்றத்திலேயே விவாதிக்கப்பட்டது. உரோமன் எழுத்துக்கு ஆதரவான கோரிக்கை வெற்றி பெறவில்லை. பேரன்ஸ் 1901இல் வெளியிட்ட தம் முதல் அச்செழுத்தில் இரண்டையும் இணைக்க முயன்றிருந்தார். ஏ.இ.ஜி.க்கு வந்தபின் அவர் மனம் உரோமன் பக்கம் சாய்ந்தது. பழைய உரோமானிய எழுத்துகளின் அமைதியை அடியொற்றி அவர் ஒரு புதிய எழுத்துருவை அமைத்தார். நிறுவனத்தின் அச்சுத் தாள்கள் அக்குரலில் பேசத் தொடங்கின.

தேனடை

அக்காலத்தில்தான் தேனடைச் சின்னம் பிறந்தது. ஓர் அறுகோணம், அதனுள்ளே மூன்று சிறிய அறுகோணங்கள். மேலே ஓர் அறை, கீழே இரண்டு. ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்து. தேவதையின் சிறகும் இல்லை. கொடியின் வளைவும் இல்லை.

இந்தச் சின்னத்தின் நுட்பம், படத்தையும் எழுத்தையும் அது ஒன்றாக்கியதில் இருக்கிறது. தேனடை என்றதும் பல உயிர்கள் கூடி உழைப்பது நினைவுக்கு வருகிறது. இடத்தை வீணாக்காத கணக்கும், ஓர் அறையின் சுவரே அடுத்த அறைக்கும் சுவராகும் சிக்கனமும் உடன் வருகின்றன. ஆயிரமாயிரம் தொழிலாளர் வேலை செய்த நிறுவனம், தன்னை வானத்துத் தேவதையாகக் காட்டிக்கொள்வதை விட்டு, உழைக்கும் கூடாகக் காட்டிக்கொண்டது. புராணத்திலிருந்து உழைப்புக்கு இறங்கி வந்தது எனலாம். கூட்டில் சேர்ந்த தேன் யாருக்குப் போயிற்று என்ற கேள்விக்கு இடம் உண்டு. ஆயினும் அக்கேள்வியைக் கேட்க வைத்த முதல் சின்னம் அதுவே.

1909இல் பெர்லினின் மோஅபிட் பகுதியில், ஹூட்டன் தெருவில், பேரன்ஸ் எழுப்பிய சுழலி ஆலையின் முகப்பில் இந்தத் தேனடை பொறிக்கப்பட்டது. இரும்பும் கண்ணாடியும் கொண்ட அந்தக் கூடம் நவீனக் கட்டடக் கலையின் தொடக்கங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. தொழிற்சாலைக்கு ஒரு கோயிலின் கம்பீரத்தை அவர் தந்தார். முகப்பின் இரு மூலைகளிலும் பாரிய கற்காரைத் தூண்கள் எழுந்து நிற்கின்றன. முழுக் கூரையையும் அவையே தாங்குவது போலத் தோன்றும். உண்மையில் அவை எதையும் தாங்கவில்லை. அவை மெல்லிய தோல் மட்டுமே. உள்ளே மறைந்திருக்கும் இரும்புச் சட்டங்களே சுமையை ஏற்கின்றன. எளிமைக்கும் நேர்மைக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் கட்டடத்திலும் தோற்றம் வேறாகவும் தாங்குவது வேறாகவும் இருப்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் கதைக்கு அது வேண்டும்.

மூன்று எழுத்து

1912இல் தேனடையும் நீங்கிற்று. எஞ்சியவை மூன்று உரோமன் பெரிய எழுத்துகள். அலங்காரமும் இல்லை, உருவகமும் இல்லை. அகலமும் இடைவெளியும் அளந்து வைக்கப்பட்ட வெறும் எழுத்துகள். இருபத்து நான்கு ஆண்டுகளில் ஒளித்தேவதை எழுத்தாகச் சுருங்கிவிட்டாள்.

இந்தச் சுருக்கத்தை வறுமை என்று கொள்வதற்கில்லை. தொடக்கத்தில் மின்சாரம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. ஆகவே தேவதை வேண்டியிருந்தாள். பின்பு, நிறுவனம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே தேனடை வேண்டியிருந்தது. 1912க்குள் விளக்கத் தேவை இல்லாத அளவுக்கு விளக்குகள் எங்கும் எரிந்தன. பொருள் வாசகரின் மனத்தில் முன்பே குடியேறிவிட்டபோது சொல் விளக்கத்தை உதறிவிடலாம். நல்ல கவிஞர்களின் பிற்காலக் கவிதைகளில் உவமைகள் குறைந்து சொற்கள் தனித்து நிற்பதற்கும் இதுவே காரணமாகலாம். எழுத்தின் பருமனும் நிறமும் பின்னர் அவ்வப்போது மாறின. ஆனால் 1912இன் அடிப்படை வடிவம் மாறவில்லை.

அதே 1912இல் எமில் ராத்தெனாவின் மகன் வால்டர் ராத்தெனாவ் காலத்தின் விமர்சனமாக ஒரு நூலை வெளியிட்டார். உலகம் முழுதும் இயந்திரமயமாவதும், அதனால் மனித ஆன்மாவுக்கு நேர்வதும் அந்நூலின் கவலைகள். ஆலையின் வாரிசே ஆலையின் உலகை ஐயத்தோடு நோக்கினார். 1915இல் தந்தை மறைந்தபின் நிறுவனத்தின் தலைமை அவரிடம் வந்தது. 1922இல் ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சரானார். அவர் யூதர், குடியரசின் ஆதரவாளர். அவ்வாண்டு ஜூன் 24 அன்று பெர்லினில், அமைச்சகத்துக்குக் காரில் சென்றுகொண்டிருந்தபோது, தீவிர தேசியவாதக் கும்பல் ஒன்று அவரைச் சுட்டுக் கொன்றது. இராபர்ட் முசீல் எழுதிய 'பண்புகள் இல்லாத மனிதன்' நாவலில் வரும் ஆர்ன்ஹைம் என்னும் தொழிலதிபருக்கு வால்டர் ராத்தெனாவே மூலம் என்பது இலக்கிய உலகம் அறிந்த செய்தி.

எழுத்துக்குப் பின்னால்

ராத்தெனாவைக் கொன்ற வெறுப்பு 1933இல் ஆட்சியைக் கைப்பற்றியது. மூன்று எழுத்துகளும் அப்போதும் மாறவில்லை. பழைய அமைதியோடு, பழைய அளவோடு, அவை போர்க்கால உற்பத்தியின்மீதும் நின்றன. இரண்டாம் உலகப் போரின்போது ஏ.இ.ஜி. கட்டாய உழைப்பைப் பயன்படுத்தியது. லாட்வியாவின் ரீகா நகரில், கைசர்வால்ட் வதைமுகாமின் யூதக் கைதிகள் அதன் வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். யூதர் ஒருவர் தோற்றுவித்து, யூதர் ஒருவர் தலைமை தாங்கிய நிறுவனத்தின் பெயரால் அது நிகழ்ந்தது. போருக்குப் பின்னர், 1960இல், அக்கைதிகளுக்கு ஓரளவு இழப்பீடு வழங்க நிறுவனம் உடன்பட்டது.

பேரன்ஸின் கதையும் இங்கே நிறைவு பெறாமல் விடக்கூடாது. ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஷ்பேர் பெர்லினைப் பேரரசின் தலைநகராக மாற்றத் திட்டமிட்டபோது, அதன் பெருவீதியில் ஏ.இ.ஜி.க்கு ஒரு புதிய தலைமையகம் அமைய இருந்தது. அதற்கு வரைபடம் தந்தவர் முதிய பேரன்ஸே. அது கட்டப்படவில்லை. 1940இல் அவர் காலமானார். மறு ஆண்டு, தேசத்தின் ஆன்மா என்று முன்பு போற்றப்பட்ட கறுப்பெழுத்தை நாஜி அரசே ஒதுக்கிவிட்டு, உரோமன் எழுத்தைப் பொது எழுத்தாக ஆக்கியது. 1911இல் தோற்ற எழுத்து 1941இல் கொடுங்கோலர் கையால் வென்றது.

நல்ல வடிவம் நல்ல வாழ்வைக் கொணரும் என்பது பேரன்ஸின் தலைமுறை கொண்டிருந்த நம்பிக்கை. 1907இல் அவரும் பிறரும் கூடி நிறுவிய ஜெர்மன் வெர்க்புண்ட் என்னும் அமைப்பு அந்நம்பிக்கையின் மேல்தான் எழுந்தது. கலையும் தொழிலும் கைகோத்தால் பொருளின் தரம் உயரும். பொருளின் தரம் உயர்ந்தால் மனிதரின் தரமும் உயரும் என்று எண்ணினார்கள். முதற்பகுதி மெய்யாயிற்று. இரண்டாம் பகுதி மெய்யாகவில்லை. எழுத்து எவ்வளவு செம்மையாக இருந்தாலும், தன் பின்னால் நடப்பதைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

பெயர் மட்டும்

போருக்குப் பின் நிறுவனத்தின் தலைமை ஃபிராங்க்ஃபர்ட் நகருக்குப் பெயர்ந்தது. முதலெழுத்துகளைக் கொண்டே அனுபவத்தால் நல்லது என்று பொருள்படும் ஒரு விளம்பரத் தொடர் ஜெர்மன் மொழியில் ஆக்கப்பட்டது, வீடுதோறும் வழங்கியது. மக்களோ அதே மூன்று எழுத்துகளுக்கு வேறொரு விரிவும் கண்டார்கள்: பெட்டியைப் பிரி, விசையைப் போடு, வேலை செய்யாது! சின்னத்தை நிறுவனம் எழுதலாம். அதற்கு உரை எழுதுவோர் மக்கள்.

1967இல் ஏ.இ.ஜி.யும் டெலிஃபுங்கனும் ஒன்றாயின. 1982இல் கடன் சுமை தாங்காமல் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. 1985இல் டைம்லர் பென்ஸ் அதை வாங்கியது. வீட்டுச் சாதனப் பிரிவு 1994இல் சுவீடனின் எலக்ட்ரோலக்ஸ் வசமாயிற்று. 1996இல் ஏ.இ.ஜி. என்ற நிறுவனம் பதிவேட்டிலிருந்தே நீங்கியது. ஆனால் அவ்வெழுத்துகள் நீங்கவில்லை. பெயருக்குச் சந்தையில் மதிப்பு இருந்ததால் அது தனியே ஒரு சொத்தாக நின்றது. அதன் உரிமை பின்னர் எலக்ட்ரோலக்ஸுக்கு முழுமையாகக் கிடைத்தது. அந்நிறுவனத்திடம் உரிமம் பெற்ற வேறு பலரும் தத்தம் பொருள்கள்மீது அம்மூன்று எழுத்துகளைப் பொறித்துக்கொண்டனர்.

இதன் விலையை நியூரம்பர்க் நகரம் அறியும். தலைமுறைகளாக அங்கே ஏ.இ.ஜி. ஆலை ஓடியது. ஆலையை மூடி உற்பத்தியைப் போலந்துக்கு மாற்றும் முடிவு 2005இன் இறுதியில் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 1,700 பேரின் வேலை போக இருந்தது. 2006இன் தொடக்கத்தில் தொழிலாளர்கள் குளிரில் வாயிலில் நின்று வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். ஈட்டுத்தொகையில் ஓரளவு உயர்வு கிடைத்தது. ஆலை தப்பவில்லை, 2007இல் அது மூடப்பட்டது. எழுத்து நிலைத்தது, எழுத்தைத் தாங்கியவர்கள் வெளியேறினார்கள்.

மோஅபிட்டின் சுழலி ஆலையோ இன்றும் இயங்குகிறது. ஏ.இ.ஜி.யின் சுழலித் தொழில், அதன் பழைய போட்டி நிறுவனமான சீமன்ஸோடு 1969இல் இணைக்கப்பட்டது. பின்னர் சீமன்ஸுக்கே உரியதாயிற்று. இப்போது அங்கே வாயுச் சுழலிகள் செய்வது சீமன்ஸ் வழிவந்த நிறுவனம். ஆனால் கட்டடத்தின் நெற்றியில் இருப்பது ஏ.இ.ஜி.யின் தேனடை. கட்டடம் வரலாற்றுச் சின்னமாகக் காக்கப்படுவதால் அது அங்கேயே நிற்கிறது. நிறுவனம் ஒன்று, பெயர் வேறொன்று. எதையும் தாங்காத இரு மூலைத் தூண்களுக்கு மேலே, எவரையும் குறிக்காத மூன்று எழுத்துகள்.

வட்டத்திற்கு ஒரு சொல்

கவிஞர் அவைக்கு இக்கதை இரண்டைச் சொல்கிறது. ஒன்று, நீக்குவதன் அழகு. தேவதையிலிருந்து தேனடைக்கும், தேனடையிலிருந்து எழுத்துக்கும் வந்த பாதை செய்யுட்கலை பயில்வோர் ஒவ்வொருவரும் நடக்க வேண்டிய பாதை. மற்றது, அந்த அழகின் எல்லை. வடிவம் முழுமை பெற்ற பின் அது தன்னைப் படைத்தவரையும், தான் குறித்த பொருளையும் விட்டு விலகி வாழக் கற்றுக்கொள்கிறது. விற்கப்படலாம், வாடகைக்கு விடப்படலாம், கொடுமைக்கும் முகமாகலாம். எழுத்து அதற்கு மறுப்புச் சொல்லாது. மறுக்க வேண்டியவர்கள் அதன் பின்னால் நிற்கும் மனிதர்கள்.

இலக்கிய வட்டம் ஒன்றுக்கும் பெயர் உண்டு. அழைப்பிதழில் அச்சிடும் சின்னம் உண்டு. பத்தாண்டுகளில் அதற்கு ஒரு மதிப்பும் சேர்ந்திருக்கிறது. இன்னும் பல பத்தாண்டுகள் அப்பெயர் அழைப்பிதழ்களில் அச்சாகலாம். மாதந்தோறும் கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் பொறுமையோடு கேட்டு, பிழையைப் பிழையென்று முகத்துக்கு நேரே சொல்லும் பழக்கம் உள்ளவரை அப்பெயருக்குப் பொருள் இருக்கும். அப்பழக்கமே சுமை தாங்கும் இரும்புச் சட்டம். அது தளர்ந்த நாளிலும் சின்னம் முன்போலவே அழகாகத்தான் இருக்கும். ஆகவே சின்னத்தைப் பார்த்து வட்டம் நலமாக இருக்கிறது என்று எவரும் அமைதி கொள்ளலாகாது.